பழைய டோப்போ (நில அமைப்பு) வரைபடமும் சாட்டிலைட் படமும் ஒத்துவரவில்லை, உதவி தேவை

மணல்மேடு: அவசரம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதி, செர்ரி கவுண்டி. பழைய யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை) வரைபடத்தை சாட்டிலைட் படத்தின் மேல் வைத்தால் மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகள் எல்லாம் தள்ளி விழுகின்றன. ஒரு ஏரியையே காணோம், வெறும் புல்வெளிதான். எங்கே தப்பு?

கோட்டுப்பிரியன்: எந்த ஆண்டு வரைபடம்? அளவு 1:24,000-ஆ, 1:62,500-ஆ? எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுகிறது?

பழைய_சர்வேயர்: கேட்பதற்கு முன் தாளின் கீழ் ஓரத்தைப் படித்துப் பழகுங்கள், தம்பி. டேட்டம் (அட்ச, தீர்க்க ரேகைகளை அளக்கும் அடிப்படை), வான்படம் எடுத்த ஆண்டு எல்லாம் அங்கேயே அச்சாகியிருக்கும்.

மணல்மேடு: 24,000. எல்லாமே கிழக்கே 35 மீட்டர் போல. மூலையில் இருக்கும் அட்ச, தீர்க்க ரேகை எண்களை அப்படியே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கொடுத்தேன்.

கோட்டுப்பிரியன்: அப்படியானால் டேட்டம்தான். அந்த எண்கள் என்ஏடி27 என்ற பழைய வட அமெரிக்க டேட்டத்தில் இருக்கின்றன. நீங்கள் இன்றைய ஜிபிஎஸ் டேட்டமான டபிள்யூஜிஎஸ்84 என்று கொடுத்திருப்பீர்கள். என்ஏடி27-இன் மூலப்புள்ளி கன்சாஸில் மீட்ஸ் ராஞ்ச் என்ற பண்ணையில் இருக்கிறது. அங்கேயே இரண்டுக்கும் சுமார் 30 மீட்டர் வித்தியாசம், மேற்கே போகப் போகக் கூடும். மாற்றிவிட்டு மாட்டுத் தடங்களைப் பாருங்கள். சக்கரத்தின் ஆரங்கள் போல நாலாபுறமிருந்தும் தண்ணீர்த் தொட்டியில் வந்து சேரும். காற்றாலைக் குறி அங்கே விழ வேண்டும்.

குளத்துக்காரன்: ஏரிக்கும் டேட்டத்துக்கும் சம்பந்தமில்லை. குன்றுகளுக்கு நடுவே நிலத்தடி நீர்தான் ஏரியாகத் தெரிகிறது. மழை குறைந்தால் சுருங்கிவிடும்.

பழைய_சர்வேயர்: வறட்சி என்று சொல்வது எளிது. புல் அறுப்புக்காக வாய்க்கால் வெட்டி வடித்த ஏரிகளும் அங்கே உண்டு. ஏரியிலிருந்து நேர்கோடு ஒன்று கிளம்புகிறதா பாருங்கள். ஓடை அப்படி அளவுகோல் வைத்தது மாதிரி ஓடாது.

குளத்துக்காரன்: எல்லாவற்றையும் வாய்க்கால் தலையில் கட்டாதீர்கள், ஐயா.

புல்வெளி_வாசகி: கரையில் சின்னக் கறுப்புச் சதுரங்கள் இருக்கின்றனவா? 1904 கின்கெய்டு சட்டத்தில் அரசிடம் 640 ஏக்கர் பெற்றுக் குடியேறியவர்களின் வீடாக இருக்கலாம்.

பழைய_சர்வேயர்: உள்ளே நிரப்பிய சதுரம்தான் வீடு, மற்றது கொட்டகை. அந்த மணலில் 640 ஏக்கரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாமல் பலர் பெரிய பண்ணைகளுக்கே விற்றுவிட்டார்கள். அது பண்ணை வீடாகவே இருக்கும்.

புல்வெளி_வாசகி: நிலத்தை விற்றால் வீடு உடனே மறைந்துவிடுமா? வாங்கியவர் அதிலேயே வேலையாட்களைத் தங்க வைத்திருக்கலாமே.

மணல்மேடு: டேட்டம் மாற்றினேன், காற்றாலைகள் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டன. ஏரியின் தென்கோடியில் நேர்கோடும் இருக்கிறது. நன்றி.

குளத்துக்காரன்: கோடும் ஏரியும் ஒரே தாளில் இருந்தால், வெட்டிய பிறகும் தண்ணீர் நின்றிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கோட்டுப்பிரியன்: கோடு நீலமா, ஊதாவா? ஊதா என்றால் பிற்பாடு வான்படம் பார்த்துச் சேர்த்தது. ஆண்டையும் சொல்லுங்கள்.