கடப்பாக்கல் மேடையில் புளித் தடம், போகுமா?

செம்பூர்வாசி:
வாடகைக்கு வந்த பழைய ஃபிளாட்டில் சமையல் மேடை கருப்புக் கடப்பாக்கல். ரசத்துக்குப் புளி கரைத்த பாத்திரம் இருந்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கிறது. தேய்த்தும் போகவில்லை, தடவினால் லேசான சொரசொரப்பு. வினிகர் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போடலாமா?

மாட்டுங்கா மாமி:
வேண்டவே வேண்டாம்மா! அது கறை இல்லை, புளியின் அமிலம் கல்லை அரித்த தடம். ஆந்திரக் கடப்பாவிலிருந்து வரும் இது சுண்ணாம்புக்கல். புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் எது சிந்தினாலும் பளபளப்பைத் தின்றுவிடும். எலுமிச்சை பிழிந்த கையோடு யாராவது மேடையைத் தொட்டால் நான் போடும் சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். பாத்திர சோப்பை நீர்க்கக் கரைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடு. துளி தேங்காய் எண்ணெய் தடவினால் கருமை திரும்பும். அதிகமானால் பிசுக்குதான்.

கல்வேலைக்காரன்:
மாமி சொன்ன எண்ணெய் மறைக்கும், அவ்வளவே. தடம் போக பாலிஷ்காரர் மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். ராஜஸ்தானின் மக்ரானா மார்பிள், கோட்டா கல்லுக்கும் இதே குணம். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்கள், புளிக்கு அசையாது. கடையில் சந்தேகம் வந்தால் உடைந்த துண்டில் எலுமிச்சை பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

செம்பூர்வாசி:
சரி, வினிகர் ரத்து. பாலிஷ் செலவை வீட்டுக்காரரிடம் கேட்கிறேன். "மேடை உடையவில்லையே" என்பார், பார்ப்போம்.