டிராப் ஹேண்டில்பாருக்குத் தமிழ்ச் சொல்: தாழ்பிடியா, இறங்குதண்டா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பழைய மலைமிதிவண்டிகளின் நேரான ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, முன்னே நீண்டு கீழ்நோக்கி வளையும் டிராப் ஹேண்டில்பாரைப் பொருத்துவது எப்படி என்று விளக்கும் கையேடு ஒன்றைச் சேலத்தில் நாங்கள் சிலர் தமிழில் எழுதி வருகிறோம். முதல் பக்கத்திலேயே அந்தப் பொருளின் பெயரில் தடுக்கி நின்றுவிட்டோம். சென்ற மாதம் இங்கே கேட்டபோது தொங்குபிடி, பந்தயப்பிடி, கிடாக்கொம்பு, தாழ்பிடி என நான்கு சொற்கள் வந்தன. நான்கையும் எழுதிப் பார்த்தும், பட்டறையில் சொல்லிப் பார்த்தும், வண்டியில் ஏறி மலைக்குப் போய்ப் பார்த்தும் எனக்குத் தோன்றியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மாற்றத்தை ஏன் செய்கிறோம் என்பதில்தான் சொல்லுக்கான விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஏறி முடித்தால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நிற்போம். மேலே ஒண்டிக்கடை என்ற இடத்தைத் தாண்டி நாகலூர்ப் பக்கமோ கொட்டச்சேட்டுப் பக்கமோ திரும்பினால், தார்ச்சாலையை விட்டு விலகிக் காப்பித் தோட்டங்களுக்குள் நுழையும் மண்வழிகள் பல உள்ளன. மெல்லிய டயர் கொண்ட பந்தய வண்டிக்கு அந்த மண்வழி ஒத்துவராது. நேரான ஹேண்டில்பார் கொண்ட மலைமிதிவண்டியிலோ, மணிக்கணக்கில் ஒரே நிலையில் பிடித்து ஏறுவதால் உள்ளங்கை மரத்துப்போகும். 26 அங்குலச் சக்கரமும் அகலமான டயரும், முன்சக்கரத்தைத் தாங்கும், அதிர்வுதாங்கி இல்லாத எஃகு ஃபோர்க்கும் கொண்ட 1980கள், 1990களின் மலைமிதிவண்டியில் டிராப் ஹேண்டில்பாரைப் பொருத்தினால், மண்வழிக்கும் மலைச்சாலைக்கும் ஒரே வண்டி போதும். கைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடிவதே இந்த மாற்றத்தின் முழுப் பயன்.

தொங்குபிடி என்ற சொல்லை முதலிலேயே விலக்கிவிடலாம். தொங்குவது ஆடும். பேருந்தில் நின்று பயணம் செய்வோர் பற்றிக்கொள்ளும் வார்தான் தொங்குபிடி. அந்தப் பொருளுக்கு இச்சொல் மிக அழகாகப் பொருந்தும் என்பதால், அதற்கென்றே எடுத்து வைப்பது நல்லது.

பந்தயப்பிடி பற்றி மதுரை அன்பர் சொன்ன காரணம் நியாயமானதே. நம் ஊர்களில் இந்த ஹேண்டில்பாரைப் பலரும் முதலில் கண்டது ‘ரேஸ் சைக்கிளில்’தான். ஆனால் பயன்பாட்டை வைத்துப் பெயரிட்டால், பயன்பாடு மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். மலைமிதிவண்டியில் இது புதுமையும் அன்று: பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1987-இல் விற்ற எம்பி-1 என்ற மலைமிதிவண்டி தொழிற்சாலையிலேயே டிராப் ஹேண்டில்பாருடன் வந்தது, ஜான் டோமாக் 1990-இல் மலைமிதிவண்டிப் போட்டிகளில் இதைப் பொருத்தியே ஓட்டினார். தோட்டத்து மண்வழியில் மூட்டை கட்டிக்கொண்டு மெல்லப் போகும் வண்டியில் பந்தயத்துக்கு என்ன வேலை?

கிடாக்கொம்பு என்பதை என்னால் எளிதில் விட முடியவில்லை. கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லைச் சேலத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தலையில் செருகும் ஊசியின் உருவம் சாலையில் தெரிவதால், அது மொழிபெயர்ப்பு என்பதையே மறந்து எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கிடாயின் கொம்பும் முன்னே வந்து, சுருண்டு, கீழே இறங்குவதால் அந்த வழியில் இதுவும் நிலைபெறக்கூடும். எனக்கு இரண்டு தடைகள் தெரிகின்றன. எங்கள் மாவட்டத்துக்கே உரிய மேச்சேரி ஆட்டில் கிடாய்க்கும் கொம்பில்லை என்பதால், இங்குள்ள பிள்ளைகளுக்கு அந்த உருவம் உடனே கண்முன் வருவதில்லை. இரண்டாவது தடை பெரியது. 1990களின் மலைமிதிவண்டிகளில் நேரான ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் முன்னோக்கி நீளும் குட்டையான துண்டுகளைப் பொருத்துவார்கள். எங்கள் தெருவில் அவற்றைத்தான் கொம்பு என்றோம். நாம் மாற்றப்போகும் பழைய வண்டியிலேயே கழற்ற வேண்டிய கொம்பு ஒன்று இருக்கும்போது, பொருத்த வேண்டியதையும் கொம்பு என்று எழுதினால் கையேடு படிப்பவர் குழம்புவார்.

இனி, கோவை அன்பர் முன்மொழிந்து பலரும் ஆதரித்த தாழ்பிடி. ஒலியும் அளவும் எனக்குப் பிடித்திருந்ததால், இரண்டு வாரம் இந்தச் சொல்லையே வைத்து எழுதினேன். மூன்றாம் அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. மலையேறும்போது கைகளை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்கும் இடம் அது. மட்டமான சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நடுவிலுள்ள நேரான பகுதியைப் பிடிப்போம். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது, பிரேக் லீவர் பொருத்திய முன்புற மேட்டைப் பற்றுவோம். இறக்கத்தில் வளைவுக்குக் கீழே உள்ள பகுதியைப் பிடிப்போம். அங்கிருந்து விரல்கள் லீவரின் நுனியை எட்டுவதால், குறைந்த அழுத்தத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். தாழ்வாக இருப்பது இந்த மூன்றில் ஒன்றுதான். ‘தாழ்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து ஏறவும்’ என்று எழுதி, படித்துப் பார்த்து, அடித்துவிட்டேன்.

ஒரே தண்டில் மூன்று பிடிகள் இருக்கின்றன. நாம் இத்தனை நாளும் பொருளுக்கும் பிடிக்கும் ஒரே சொல்லை வைத்துத் தேடியதால்தான் எந்தச் சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆகவே பொருளின் பெயர் தண்டு என்றும், கை படும் இடத்தின் பெயர் பிடி என்றும் முடியட்டும். பொதுவாக ஹேண்டில்பாரைப் பிடிதண்டு எனலாம்; நேரானது நேர்தண்டு; டிராப் ஹேண்டில்பார் இறங்குதண்டு. அதிலுள்ள மூன்று இடங்களும் முறையே மேற்பிடி, முன்பிடி, தாழ்பிடி. கோவை அன்பரின் சொல் வீணாகவில்லை, தனக்குரிய இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது. தாழ்பிடி வினைத்தொகை என்பதால் இடையில் ‘ப்’ வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘தாழ்ப்பிடி’ என்று எழுதினால் கதவின் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வரும்.

தண்டு என்றதும், ஹேண்டில்பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் ஸ்டெம் என்ற பாகத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். அகராதி பார்த்து மொழிபெயர்த்தால் அதுவும் தண்டாகிவிடும். அதைக் கழுத்து என்போம். பழைய வண்டிகளில் அது ஃபோர்க்கின் குழாய்க்குள்ளிருந்து எழுந்து முன்னோக்கி வளையும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சொல் தேவைப்படாது. இந்த மாற்றத்தில் மிகுந்த கவனம் வேண்டியதும் கழுத்தில்தான். மலைமிதிவண்டியின் சட்டகம் நேர்தண்டை எண்ணிச் செய்யப்பட்டதால், அதன் மேற்குழாய் நீளமாக இருக்கும். இறங்குதண்டின் முன்பிடி, கழுத்து கவ்வும் இடத்திலிருந்து இன்னும் முன்னே தள்ளியிருக்கும். பழைய கழுத்தையே வைத்துக்கொண்டால் ஓட்டுபவர் எட்டிப் படுக்க வேண்டியிருக்கும். என் வண்டியில் 120 மில்லிமீட்டர் கழுத்தை எடுத்துவிட்டு, உயரம் கூடிய 60 மில்லிமீட்டர் கழுத்தைப் பொருத்திய பிறகே முதுகுவலி நின்றது. எனவே தண்டு முன்னே நீளும் அளவுக்கு நீட்டம், கீழே இறங்கும் அளவுக்கு இறக்கம், தாழ்பிடிகள் இருபுறமும் விரியும் அளவுக்கு விரிவு என மூன்று அளவுச் சொற்களும் வேண்டும். இன்று பரவலாகக் கிடைக்கும் குறுகிய வகைகளில் நீட்டம் 70 முதல் 80 மில்லிமீட்டர் வரையிலும், இறக்கம் 120 முதல் 130 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கும். இறங்குதண்டுக்கு அளவுச்சொல் இறக்கம் என்று தானாகவே அமைவது எனக்கு மகிழ்ச்சி தந்தது. தடிமன் பற்றியும் ஒரு சொல்: நேர்தண்டின் பிடிப்பகுதி 22.2 மில்லிமீட்டர், இறங்குதண்டின் பிடிப்பகுதி 23.8 மில்லிமீட்டர். அதனால் பழைய பிரேக் லீவர் இதில் ஏறாது.

இன்னொரு சொல்லையும் நீங்கள் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறேன், ஏனெனில் அது இல்லாததால் நான் ஒருமுறை விழப் பார்த்தேன். என் வண்டியில் இருப்பது வி-பிரேக். ஷிமானோ நிறுவனம் 1996 வாக்கில் கொண்டுவந்த வகை. அதற்கு முந்தைய காண்டிலீவர் வகை பிரேக்குக்குத் தேவையானதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம் வயரை லீவர் இழுத்தால்தான் அது பிடிக்கும். நான் ஒரு கடையில் ‘ரேஸ் சைக்கிள் லீவர்’ என்று மட்டும் கேட்டேன். அவர்களும் அதையே கொடுத்தார்கள். மட்டச் சாலையில் குறை தெரியவில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கட்டை தேயத் தேய லீவர் தண்டையே வந்து தொட்டது, வண்டி நிற்கவில்லை. மலைச்சுவரோரம் காலை ஊன்றி நிறுத்தி, மீதி வளைவுகளைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். லீவர் ஒருமுறை அழுத்தும்போது இழுக்கும் வயரின் அளவுக்கு இழுநீளம் என்று ஒரு சொல் கடைக்காரருக்கும் எனக்கும் பொதுவாக இருந்திருந்தால், ‘நெடிய இழுநீளம் உள்ள லீவர் வேண்டும்’ என்று கேட்டிருப்பேன். இறங்குதண்டுக்கென்றே அத்தகைய லீவர்கள் கிடைக்கின்றன. காண்டிலீவர் பிரேக் உள்ள வண்டிக்கோ சாதாரண லீவரே போதும்.

இந்த ஊருக்குக் கலைச்சொல் தேடும் வேலை புதிதல்ல. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி 1916-இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். அன்று பரிபாஷை என்றதை இன்று கலைச்சொல் என்கிறோம். வேலைக்கு வைத்த பெயரே மாறிவிட்டது. ஆகவே என் சொற்களும் மாறலாம் என்ற எண்ணத்தோடுதான் முன்வைக்கிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

மறுமொழி

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கிடாக்கொம்பை முன்மொழிந்தவள் என்ற முறையில், அதை நீங்கள் விலக்கிய காரணத்தை ஏற்கிறேன். தண்டையும் பிடியையும் பிரித்ததுதான் இந்த விவாதத்தில் இதுவரை நடந்த நல்ல காரியம். கழுத்தும் இழுநீளமும் அப்படியே இருக்கட்டும்.

இறங்குதண்டில் எனக்கு ஓர் ஐயம். இறங்குதுறை என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அங்கே துறை இறங்குவதில்லை, படகிலிருந்து மனிதர் இறங்குகிறார். அதைப் போலவே, இறங்குவதற்குப் பயன்படும் தண்டு என்று ஒருவர் பொருள் கொள்ள இடமுண்டு. அப்படியானால் இறக்குதண்டு எனலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அது பிறவினை. சுமையை இறக்கும் பளுதூக்கியின் தண்டு போலாகிவிடுகிறது. பேச்சில் ‘எறங்குதண்டு’ என்றுதான் வரும், அதில் எனக்குத் தடையில்லை. பொருள் மயக்கத்துக்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆத்தூரிலிருந்து

---

மறுமொழி

அன்புள்ள அம்மா, வணக்கம்.

விடையை உங்கள் கணக்கு வகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ஏறுவரிசை, இறங்குவரிசை என்று நீங்கள் கற்பிக்கும்போது இறங்குவது வரிசையேதான். எந்தப் பிள்ளையும் அதை வேறுவிதமாகப் பொருள் கொள்வதில்லை. இறங்குமுகம் என்பதும் அப்படியே. இறங்குதுறையில் ஆள் இறங்குவதும் இறங்குவரிசையில் எண் இறங்குவதும் வினைத்தொகை இடம் தரும் பொருள்கள்தான். எது பொருந்தும் என்பதைப் பொருளின் உருவம் காட்டிவிடும். இறங்குதண்டைக் கண்ணால் பார்த்தவருக்குத் தண்டுதான் இறங்குகிறது என்பது தெரியும். பார்க்காதவருக்காகக் கையேட்டில் பக்கவாட்டுப் படம் ஒன்றைச் சேர்த்து, மூன்று பிடிகளையும் அம்புக்குறியிட்டுக் காட்டிவிடுகிறோம்.

நேற்று அஸ்தம்பட்டிப் பக்கம் எங்களுக்கு வேலை செய்து தரும் பட்டறையில் இந்தச் சொற்களைச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியவர் கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்று வண்டியை எடுக்கப் போனபோது, தண்டின் மீது சுற்றும் நாடாவைக் காட்டி, “தாழ்பிடிகிட்ட பிரிஞ்சிருக்குதுங்க, கீழ் முனையிலிருந்து புதுசா சுத்தணும்” என்றார். அந்த நாடாவுக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை. பிடிநாடா என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவியுங்கள், திங்களன்று முதல் மூன்று அத்தியாயங்களும் அச்சுக்குப் போகின்றன.

அன்புடன்,
சேலத்திலிருந்து