சூழல் செட்டா, சூழல் வினைத்திறனா?

சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

‘ஈகோ எஃபிஷியன்சி’க்குச் (eco-efficiency) ‘சூழல் செயல்திறன்’ என்று போன மடலில் வந்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. செயல்திறனை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். யேல் பல்கலைக்கழகத்தார் நாடுகளை வரிசைப்படுத்தும் குறியீடு அந்த வகை: காற்றும் குடிநீரும் காடும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது. நாம் பேசுவது ஒரு விகிதம். மேலே நாட்டின் உற்பத்தி மதிப்பு, கீழே அதற்காகச் சூழலுக்கு நேர்ந்த சேதம். 1992 ரியோ மாநாட்டை ஒட்டி இந்தச் சொல்லைப் பரப்பிய தொழில் நிறுவனத்தாரும், குறைந்த சேதத்தில் கூடுதல் மதிப்பு என்றுதான் சொன்னார்கள்.

என் பரிந்துரை ‘சூழல் செட்டு’. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்தச் செட்டு. வீட்டில் ஒரு குறையும் தெரியாது, செலவு மட்டும் சுருங்கியிருக்கும். புதுச்சொல் செய்வதைவிட இருக்கும் சொல்லை எடுத்து ஆள்வது நல்லது.

*

தம்பிக்கு, தேவகோட்டையிலிருந்து.

சொல் நன்றாக இருக்கிறது, பொருளுக்குத்தான் பொருந்தவில்லை. செட்டு என்றால் மொத்தச் செலவு கைக்குள் நிற்க வேண்டும். விகிதத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உள்நாட்டு உற்பத்தியில் ஓர் அலகுக்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயு உமிழ்வை, 2005 நிலையிலிருந்து 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக 2022இல் இந்தியா உறுதி சொன்னது. ஒரு பேச்சுக்கு, உற்பத்தி இரண்டு மடங்காகிறது என்று வையுங்கள். 2 பெருக்கல் 0.55, அதாவது 1.1. உங்கள் விகிதத்தின் தலைகீழான அலகு உமிழ்வு அவ்வளவு இறங்கியும் மொத்த உமிழ்வு 10 விழுக்காடு கூடிவிடுகிறது. இப்படிப் போகும் வீட்டை எங்கள் அப்பத்தா செட்டான வீடு என்று சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று, யார் பேரேட்டில் எழுதுவது? தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைப்பார்கள். ஊரெல்லைக்குள் கணக்கெழுதினால் புகையே இல்லை. ஆனால் அதில் சேரும் சிமெண்ட் வேறெங்கோ சூளையில் வெந்து வந்தது. நம் வீட்டுத் தேக்கும் அப்படித்தான்: மரம் விழுந்தது பர்மாக் காட்டில், வாசல் நிலையாக நிற்பது கானாடுகாத்தானில். ஆலைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பொருளை மட்டும் இறக்குமதி செய்யும் நாடும் ஒப்பீட்டில் இப்படித்தான் சுத்தமாகத் தெரியும். அதனால் எந்த எண்ணைச் சொன்னாலும், உற்பத்தி செய்த இடத்தில் எழுதியதா, நுகர்ந்தவர் கணக்கில் எழுதியதா என்று சொல்லியே ஆக வேண்டும்.

சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் வகுத்த ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’ முறையை (கூட்டத்தில் சிறப்பாகச் செய்தவர்களை அளவுகோலாக்கி மற்றவர்களை மதிப்பிடுவது) வைத்து நாடுகளை ஒப்பிடும்போதும் இந்தக் கவனம் வேண்டும். அதில் முன்வரிசை நாடு 1 வாங்கும். கூட வந்தவர்களில் முந்தியது என்றுதான் அதற்குப் பொருள், சேதமே இல்லை என்பதல்ல.

இலங்கையில் எஃபிஷியன்சிக்கு ‘வினைத்திறன்’ என்றும், எஃபெக்டிவ்னஸுக்கு ‘விளைதிறன்’ என்றும் பிரித்து வழங்குகிறார்கள். அந்தப் பிரிவு நமக்கும் வேண்டும். ‘சூழல் வினைத்திறன்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

*

ஆச்சி, அந்த 1.1 கணக்கைப் பார்த்ததும் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். விகிதத்துக்குச் ‘சூழல் வினைத்திறன்’, சரி.

ஆனால் செட்டை விட எனக்கு மனமில்லை. ‘சஃபிஷியன்சி’ என்று இன்னொரு கருத்து இருக்கிறதே, போதுமென்ற அளவில் மொத்த நுகர்வையே நிறுத்துவது, அதற்குத் ‘தன்னிறைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். தன்னிறைவு வேறு. தன் தேவைக்குப் பிறரை நம்பாமல் இருப்பது அது. எவ்வளவு போதும் என்ற கேள்வியே அதில் வராது. அங்கே ‘சூழல் செட்டு’ அப்படியே பொருந்துகிறது, நீங்கள் சொன்ன அதே காரணத்தால்.

இரண்டையும் தனித்தனியாகச் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். கூடவே ‘நுகர்வுவழிக் கணக்கு’, ‘உற்பத்திவழிக் கணக்கு’ இரண்டையும் சேர்க்கிறேன். இவற்றில் ‘வழி’ வேண்டாம் என்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.