"காசு கேட்டவர்" எண்டா ஆஸ்க்டா, டிமாண்டடா? உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

புதுக்கடைப் பக்கம் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்ட்ட டைப் பண்ற வேலை செய்யிறன், கோர்ட்டுக்கு நடந்து போற தூரம், அதால காலமை தொடக்கம் வாசல்ல ஆக்கள்தான். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். கடிதமும் சத்தியக்கடதாசியும் வந்தாத்தான் தலையிடி, அதிலயும் முக்கால்வாசி வினைச்சொல்லாலதான்.

கிட்டடியில ஒரு ஐயா வந்தவர், எழுபது வயசு இருக்கும், காணிப் பிரச்சினை, வெளிநாட்டில இருக்கிற மகன் அங்க லோயரிட்ட குடுக்க இங்கிலீஷில வேணுமாம், கையால எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதுக்குள்ள ஒரு வரி, "அவர் வீட்டுக்கு வந்து என்னட்ட மூண்டு லட்சம் கேட்டவர்". சேர் பேனையை வைச்சிட்டு "எப்பிடிக் கேட்டவர் ஐயா, நிண்டுகொண்டோ இருந்துகொண்டோ?" எண்டார். ஐயா ஒரு மாதிரிப் பாத்தார்.

"கதிரையில இருந்துதான். தேத்தண்ணியும் குடிச்சவர்."

"தராட்டி என்ன செய்வன் எண்டு ஏதும் சொன்னவரோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. எனக்குத்தான் மனவருத்தம்."

சேர் 'ஆஸ்க்ட் ஃபோர்' எண்டு எழுதினார். ஐயா விடுவாரோ, பழைய கச்சேரி உத்தியோகத்தர், இங்கிலீஷ் நல்லாத் தெரியும், "டிமாண்டட் எண்டு போடுங்கோ தம்பி, அப்பத்தான் பலமா இருக்கும்" எண்டு நிண்டார். சேர் அசையேல்லை. டிமாண்ட் எண்டா தந்தே ஆகவேணும் எண்டு நிக்கிறது, அதோட பயமுறுத்திக் காசைப் பறிச்சா எக்ஸ்டோர்ஷன், 1883ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலயே அது தனிக் குற்றம், நீங்கள் சும்மா ஒரு சொல்லை ஏத்திவிட்டா அங்கத்தை லோயர் முதல் கேக்கிறதே என்ன சொல்லிப் பயமுறுத்தினவர் எண்டுதான், அப்ப தேத்தண்ணிக் கதையை எங்க கொண்டுபோய் வைக்கிறது எண்டு விளங்கப்படுத்தினார். ஐயா கையெழுத்தை வைச்சார், ஆனா முகத்தில சந்தோசம் இல்லை.

எங்களுக்கு ஒரு 'கேள்' காணும். பாட்டுக் கேக்கிறம், மன்னிப்புக் கேக்கிறம், மீன் விலை கேக்கிறம், சொல்லுக் கேக்காத பிள்ளை எண்டுறம். இங்கிலீஷில அதுக்கு ஹியர், லிசன், ஆஸ்க், ரிக்வெஸ்ட், டிமாண்ட், ஒபே எண்டு ஆளுக்கொண்டாப் பிரிஞ்சு கிடக்கு. சிங்களத்திலயும் 'அஹனவா' எண்டா கேள்வி கேக்கிறதும் அதுதான், காதால கேக்கிறதும் அதுதான், ஆனா ஒண்டைத் தரச்சொல்லிக் கேக்கிறதுக்கு 'இல்லனவா' எண்டு அவைக்குத் தனிய இருக்கு.

'சொன்னவர்' இன்னும் மோசம். செட் எண்டா பக்கம் சாயாது. அட்மிட்டட் எண்டு போட்டா அவர் தனக்குப் பாதகமான ஒண்டை ஒத்துக்கொண்டிட்டார். கிளெய்ம்ட் எண்டா அவர் சொல்றார், உண்மையோ பொய்யோ நாங்கள் பொறுப்பில்லை எண்டு ஒதுங்கி நிக்கிறம். சனம் எல்லாத்தையும் சொன்னவர், சொன்னவர் எண்டுதான் எழுதிக்கொண்டு வரும். சேர் சந்தேகம் வந்தா 'ஸ்டேட்டட்'டுக்கு மேல போகமாட்டார்.

உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருக்கும், சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை பையன்
எங்க ஆபீஸ்ல யூகே கிளையன்ட்ஸ். கூட வேலை செய்ற பொண்ணு ஒரு ஈமெயில்ல 'ஐ டவுட் த பேமென்ட் ஹேஸ் கோன் ட்வைஸ்'னு அனுப்பிட்டா, அவ சொல்ல வந்தது காசு ரெண்டு தடவ போயிருச்சோன்னு சந்தேகமா இருக்கு கொஞ்சம் செக் பண்ணுங்கன்னு, அங்க படிச்சவங்க சரி ரெண்டு தடவ போகலபோலன்னு பேசாம இருந்துட்டாங்க. ரெண்டு நாளா யாருமே பாக்கல. டவுட்னா அப்படி இருக்காதுன்னு நெனைக்கிறது, சஸ்பெக்ட்னா அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறது, நம்ம சந்தேகம் ரெண்டு பக்கமும் சாயும் இல்லையா, அதான் வம்பு. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்ல டவுட்டுக்கு நாம சொல்ற அர்த்தமும் இருந்திருக்கு, ஆனா அத கிளையன்ட்கிட்ட சொல்லி தப்பிக்க முடியுமா 😂

தெமட்டகொட தாத்தா இல்ல, தங்கச்சி தான்
எங்கட வாப்பாட போன மருதானைல பஸ் ஏறக்குள்ள அடிச்சிட்டானுங்க. பொலிஸ்ல என்ட்ரி போட்டுட்டு இன்சூரன்ஸுக்கு லெட்டர் எழுதினா, மச்சான் 'மை போன் வாஸ் ராப்ட்' எண்டு எழுதி வெச்சீக்கிறார். ராப் பண்றது ஆளையோ பேங்க்கையோ, போன ஸ்டீல் தான் பண்ண ஏலும். அது மட்டுமில்ல, ராபரி எண்டா அடிச்சோ பயம்காட்டியோ எடுக்கணும், வாப்பாவுக்கு போன் போனதே வூட்டுக்கு வந்து ஷேர்ட்ட கழட்டக்குள்ள தான் தெரியும். 'ஸ்டோலன்' எண்டு மாத்தி அனுப்பினோம்.

வெள்ளவத்தை ரீச்சர்
பிள்ளையள், எல்லாரும் ஏதோ தமிழில பிரிவே இல்லை எண்ட மாதிரிக் கதைக்கிறியள், அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். பக்கத்து வீட்டில குடை வாங்கினா இரவல், அதே குடை திரும்பிப் போகவேணும். ஒரு சுண்டு அரிசி வாங்கினா கடன், அந்த அரிசியைச் சாப்பிட்டாச்சு, வேற அரிசிதான் போகும். சம்பளம் வரமுந்திக் கொஞ்சக் காசு வாங்கினா கைமாத்து, அதுக்கு வட்டி கேட்டா உறவு முறிஞ்சிடும். இங்கிலீஷில மூண்டுக்கும் பொரோதான். இங்கிலீஷ் கவனிக்கிறது வாங்கிறதோ குடுக்கிறதோ எண்டுறதை, அதுதான் பொரோ, லென்ட். பிள்ளையள் 'கேன் யூ பொரோ மீ யுவர் பென்' எண்டு கேக்கிறதும் இதாலதான், அவைக்கு இரவல் எண்டது ஒரே சொல்லா மனசில கிடக்கு.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைப் பாருங்கோ, ஒண்டைத் தரச்சொல்லிக் கேக்க ஈ, தா, கொடு எண்டு மூண்டு சொல் வைச்சிருக்கு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிட்ட ஈ எண்டு கேப்பான், சரிசமமானவன் தா எண்டு கேப்பான், உயர்ந்தவன் கொடு எண்டு கேப்பான். ஆர் ஆரிட்டக் கேக்கிறார் எண்டது வினைச்சொல்லிலயே தெரிஞ்சிடும். இப்ப நாங்கள் அதையெல்லாம் விட்டிட்டு 'தாங்கோ'வில மரியாதையை ஒட்டவைக்கிறம். அந்த ஐயாவின்ரை வழக்கிலயும் இருந்த கேள்வி இதுதானே, கேட்டவர் மேல நிண்டு கேட்டவரோ சமமா இருந்து கேட்டவரோ.

பம்பலப்பிட்டி
சீ, லுக், வாட்ச் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. தானா கண்ணில படுறது சீ, நாங்களாத் திரும்பிப் பாக்கிறது லுக், நடக்கிறதைத் தொடர்ந்து பாக்கிறது வாட்ச். மட்ச் எண்டா வாட்ச். இது சுகம், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

எனக்கு அவசரமா ஒண்டு தெரியவேணும். விசிட் விசாவுக்குக் கடிதம் எழுதிறன், அக்காவின்ர மகளின்ர கலியாணம். கடைசியில 'ஐ ஹோப் டு ரிட்டர்ன்' எண்டு மரியாதையா முடிக்கட்டோ?

முதல் போட்டவள்
@வெள்ளவத்தை ரீச்சர், சேருக்கு வாசிச்சுக் காட்டினன், கைமாத்துக்கு ஒரே சொல்லில இங்கிலீஷ் கிடையாது, ஒரு வரி விளக்கம்தான் எழுதவேணும் எண்டார்.

@பம்பலப்பிட்டி, ஹோப் வேண்டாம். ஹோப் எண்டா ஆசை இருக்கு, நடக்கிறது உங்கட கையில இல்லை எண்டு வாசிக்கலாம், திரும்பி வாறது உங்கட கையிலதானே இருக்கு. எக்ஸ்பெக்ட் எண்டா அப்பிடி நடக்கும் எண்டு நினைக்கிறியள், அவ்வளவுதான். 'ஐ இன்டென்ட் டு ரிட்டர்ன்' எண்டு போட்டு எந்தத் தேதி எண்டும் எழுதுங்கோ, 'ஐ வில் ரிட்டர்ன்' எண்டாலும் பிழையில்லை. வேலையிடத்தில லீவு தந்த கடிதத்தை மறக்காமப் பின்னால வையுங்கோ, அது தமிழிலயோ சிங்களத்திலயோ இருந்தா மொழிபெயர்த்து முத்திரை குத்தவேணும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் வந்தியள் எண்டா சனம் குறைவு.