பாம்பன் பாலத்தின் கதையைக் கைப்பேசித் திரையில் சொல்வது எப்படி?

கேள்வி – மண்டபத்தான்

வணக்கம். பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்துப் பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றி ஓர் இணையப் படக்கதை தயாரித்து வருகிறேன். 1914-இல் பாலம் திறக்கப்பட்டது, சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாகக் கொழும்புவரை நீண்ட போட் மெயில் பயணம், 1964 டிசம்பர் புயல், அதன் பின் நடந்த சீரமைப்பு, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் என அனைத்தையும் ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கு மேலும் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஆனால் படித்துப் பார்க்கக் கொடுத்த மாணவர்கள், முதல் இரண்டு பத்திகளுக்குள்ளாகவே விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டு கீழே போய்விடுகிறார்கள். படங்களைக் கூட்டுவதா, எழுத்தைக் குறைப்பதா, அசைபடம் சேர்ப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள்.

மறுமொழி – பக்க வடிவமைப்பாளர்

படங்களின் எண்ணிக்கை இங்கே சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதற்கான காரணத்தை ஆண்டு வரிசை வாசகருக்குத் தருவதில்லை. இந்தப் பாலத்திடமோ தானாகவே ஒரு கேள்வி இருக்கிறது: ரயில் போகும் பாதை கடலின் குறுக்கே கிடக்கும்போது கப்பல் எப்படிக் கடக்கும்? முதல் திரையில் ஒரு கப்பல், ஒரு பாலம், இந்தக் கேள்வி ஆகிய மூன்று மட்டும் இருக்கட்டும். பழைய பாலம் இதற்குச் சொன்ன விடை, இரட்டைக் கதவைப் போல இருபுறமும் பிரிந்து மேலெழும் செர்சர் வகைத் தூக்குப் பகுதி. அதைத் தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றித் திறந்தார்கள். புதிய பாலத்தின் விடை, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக ஏறும் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே இரும்புத் தளம். ஒரே கேள்விக்கு 111 ஆண்டு இடைவெளியில் கிடைத்த இரண்டு விடைகள் இவை. மற்ற வரலாறு முழுவதையும் இவற்றின் நடுவே வைத்துவிடலாம்.

அடுத்தது அளவு. சுமார் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையில் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பாலம் முழுவதையும் காட்டினால், தூக்குப் பகுதி இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்; அது 17 மீட்டர் மேலேறுவதோ அரை மில்லிமீட்டர் அசைவாகத்தான் தெரியும். வானிலிருந்து எடுத்த அழகான முழுப்பாலப் படங்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் கதை சொல்லத் தவறுகின்றன. முழுப் பாலத்தையும் ஒரு மெல்லிய கோடாக ஒருமுறை காட்டி, அந்தக் கோட்டில் தூக்குப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்த பிறகே நெருக்கமான ஓவியத்துக்குச் செல்லுங்கள். வாசகர் திரையை மேலே தள்ளத் தள்ளப் புதிய பாலத்தின் தளமும் உயரும்படி அமைத்தால், விரலின் திசையும் பாலத்தின் திசையும் ஒன்றாகவே இருக்கும்.

மறுமொழி – எழுத்துருப் பிரியன்

முதல் மறுமொழியின் கடைசி யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. விலை குறைந்த கைப்பேசிகளில் விரலோடு பிணைந்த அசைவுகள் திக்கித் திக்கி ஓடும். அசைவைக் கண்டால் தலைசுற்றல் வரும் வாசகர்களும் உண்டு. 2012-இல் நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் அசைபடங்களோடு வெளியிட்ட பனிச்சரிவுக் கதைக்குப் பிறகு, அதன் செய்தி சேகரிப்பை விட்டுவிட்டு அசைவை மட்டும் நகலெடுத்த பக்கங்கள் எத்தனையோ வந்துவிட்டன. மூடிய நிலை, பாதி திறந்த நிலை, முழுவதும் திறந்த நிலை என்று ஒரே கோணத்தில், ஒரே அளவில், ஒரே வண்ணங்களில் வரைந்த மூன்று அசையா ஓவியங்கள் போதும். மாணவர் தாமே முன்னும் பின்னும் போய் ஒப்பிடுவார். ஓடிக்கொண்டே இருக்கும் படத்தில் அதற்கு வழியில்லை.

எழுத்தைப் படத்துக்குள் பதிக்காதீர்கள். அதைப் பெரிதாக்கவோ தேடவோ இயலாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான்களுக்கும் அது எட்டாது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை, அதாவது அந்த வாசிப்பான்கள் படித்துக்காட்டும் விளக்கம், எழுதுங்கள். தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரக் குறியுமாக எழுத்துகள் நீளுவதால், ஆங்கிலப் பக்கத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் வரிகள் ஒன்றோடொன்று மோதும். எழுத்தின் அளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள்.

மண்டபத்தான்

இருவருக்கும் நன்றி. தொடக்கத்தை மாற்றிவிடுகிறேன். 1964 புயல் பகுதியை எப்படிக் கையாள்வது? இப்போது அலைகள் எழும் பின்னணியில் இறந்தோர் எண்ணிக்கையைச் சிவப்பில் பெரிதாக வைத்திருக்கிறேன்.

மறுமொழி – தீவுக்காரி

அந்தச் சிவப்பு எண்ணை எடுத்துவிடுங்கள் ஐயா. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் பயணிகளோடு கடலில் அடித்துச் செல்லப்பட்டது. எத்தனை பேர் என்பதில் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபாடு இருப்பதால், அதை ஒரு முழு வாக்கியத்தில், வேறுபாட்டையும் சேர்த்தே சொல்வது முறை. கணினி உருவாக்கித் தரும் புயல் படங்களும் வேண்டாம். மாணவர்கள் அவற்றை அன்றே எடுத்த ஒளிப்படம் என்று நம்பிவிடுவார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில் பாதை ஓடும் பழைய வரைபடத்தையும், இராமேசுவரத்தோடு பாதை நின்றுவிடும் பிற்கால வரைபடத்தையும் ஒரே அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலே போதும்.

எண்களைப் பெரிதாகக் காட்ட வேண்டிய இடம் சீரமைப்புதான். பாலத்தின் பெரும்பாலான இரும்புத் தளங்கள் கடலுக்குள் விழுந்துவிட்டன. தூக்குப் பகுதி தப்பியது. ரயில்வே குறித்த கெடு ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார், பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் வேலையை முடித்தது. இந்த மூன்று காலத்தையும் நீளத்துக்கேற்ற மூன்று கோடுகளாகக் கைப்பேசியின் அகலத்துக்குள் வரைந்துவிடலாம். கோடுகளின் கீழே, விழுந்த தளங்களைக் கடலிலிருந்து மீட்டு மீண்டும் பொருத்திய விதத்தை எழுதுங்கள். இந்தப் பகுதியில் எழுத்து நீளமாக இருந்தாலும் மாணவர்கள் படிப்பார்கள் என்பது என் எண்ணம். இன்றைய தனுஷ்கோடி இடிபாடுகளின் படத்தைப் பயன்படுத்தினால், எடுத்த ஆண்டைப் படக்குறிப்பிலேயே குறிப்பிடுங்கள்.

மண்டபத்தான்

அப்படியே செய்கிறேன். அசைபடத்தைக் கைவிட்டு மூன்று நிலை ஓவியங்களை வரையச் சொல்லியிருக்கிறேன். பழைய தூக்குப் பகுதியின் பக்கவாட்டு அளவு வரைபடம் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தால், தளத்தைத் தூக்க உதவும் எதிர் எடையான எடைக்கல் பகுதி சரியாக அமைவதில்லை.