புதுப்பிப்பு: ஆல்டர்நேட்டர் மறுபடி சார்ஜ் ஏற்றுகிறது

எங்கள் பழைய ஜப்பான் வேனில் என்ஜின் ஓடும்போதும் பேட்டரி வோல்டேஜ் 12.1ஐத் தாண்டவில்லை, கோளாறு ஆல்டர்நேட்டரின் (என்ஜின் சுழற்சியில் மின்சாரம் எடுத்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) டயோடிலா (மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்குவது), ரெகுலேட்டரிலா (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டிலும் இல்லை, கார்பன் பிரஷ்தான். தேய்ந்துபோய் ஸ்லிப் ரிங்கை (உள்ளே சுழலும் ரோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் வளையம்) தொடவே இல்லை. ரோட்டார் சுருள் 3 ஓம் காட்டியது, அது சரியான அளவுதான். ஷாஃப்டோடு ஷார்ட் இல்லை. ரங்கூன் கடைகளில் முழு ஆல்டர்நேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அவசியமே இல்லை!

புது பிரஷை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரிங்கை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் பேரிங் இரண்டும் புதிது. கழற்றியபிறகு பழையதை விட்டுவைக்கக் கூடாது. மூடும்போது பிரஷ்களை உள்ளே அழுத்தி, பின்பக்கத் துளை வழியாக ஒரு கம்பியைச் செருகிப் பிடித்துவையுங்கள், இல்லாவிட்டால் உடைந்துவிடும். மூடியதும் உருவிவிடுங்கள்.

இப்போது என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். ஹெட்லைட், ஏசி போட்டாலும் 13.8க்குக் கீழே இறங்கவில்லை. ரோட்டாரை முதலில் அளக்கச் சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி.