பத்தடி வெண்கலச் சிலை: வார்ப்பையும் சேர்த்துச் சிற்பியே ஒப்பந்தம் எடுக்கலாமா?

கேள்வி: பெங்களூருவில் ஒரு குடியிருப்போர் சங்கப் பூங்காவுக்குச் சிலை. உருவம், வார்ப்பு, நிறுவல் எல்லாவற்றுக்கும் ஒரே தொகை கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

செல்வம்: எடுக்கணும். களிமண் உருவத்தை மட்டும் கொடுத்துட்டு ஒதுங்கினா, வார்ப்புப் பட்டறையில உலோகத்தோட 6 மி.மீ. கனத்தை 4 ஆக்கிடுவாங்க. துண்டு துண்டா வார்த்து ஒட்டின வெல்டிங் தழும்பைத் தேய்க்கும்போது அந்த இடம் இன்னும் மெலிஞ்சு ஓட்டை விழும். முகத்தோட கூர்மையும் கிரைண்டர்லயே போயிடும்.

மணிமேகலை: செல்வம் சார், எடையைக் கணக்குப் போடுங்க. வேட்டி மடிப்போட பத்தடி உருவத்துக்கு மேற்பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். 6 மி.மீ. கனம்னா 420 கிலோ. உருக்கு உலோகத்தை அச்சுக்குள்ள ஊத்துற வாய்க்கால்ல நிற்கிற உலோகம் தனி. இந்த வெண்கலத்துல நூத்துக்கு 85 செம்பு. வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலா 5. களிமண் உருவத்துக்கு ஒப்புதல் தரவே சங்கக் கமிட்டி மாசக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள காப்பர் ரேட் ஏறினா முழு நஷ்டமும் சிற்பி தலையில. சிற்பக் கூலி தனியா, உலோகம் எடைபோட்டு அன்றைய விலைக்குன்னு பிரிச்சு எழுதணும்.

செல்வம்: அப்படிப் பிரிச்சு எழுதிக்கிட்டே முழு வேலையையும் எடுக்கலாமே! சிலையை உள்ளே தாங்குற உள்சட்டத்தை யார் பார்ப்பாங்க? சாதா இரும்பு வெண்கலத்தைத் தொட்டு, நடுவுல மழைத்தண்ணி தங்கினா இரும்புதான் முதல்ல அரிக்கும். துரு உப்பி இணைப்பைப் பிளக்கும். அதனால 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ்), தொடுற இடத்துல ரப்பர் தகடு, பாதத்துல தண்ணி வடியத் துளை. இதைச் சிற்பி நின்னு பார்த்தாதான் நடக்கும்.

மணிமேகலை: நின்னு பார்க்கட்டும், ஆனா பொறுப்பு என்ஜினியருடையது. மகாராஷ்டிராவின் மால்வனில் 35 அடி சிவாஜி சிலை 2023 டிசம்பரில் திறந்து 2024 ஆகஸ்டில் விழுந்துச்சு. துரு, பலவீனமான சட்டம், சரியில்லாத வெல்டிங்னு விசாரணைக் குழு சொன்னது. சிற்பியும் கைதானார், கட்டமைப்பு ஆலோசகரும் கைதானார். நம்ம விமான நிலையத்துல இருக்கிற 108 அடி கெம்பேகவுடா சிலையில வெண்கலம் 98 டன், எஃகு 120 டன். உயரம் கூடக்கூட அது என்ஜினியர் வேலைதான்.

செல்வம்: 108 அடிக்கு ஒத்துக்கறேன். பத்தடிக்கு என்ஜினியர் கையெழுத்துப் போட்ட வரைபடம் போதும்.

கதிர்: ரெண்டு பேரும் கடைசித் தவணையை விட்டுட்டீங்க. ‘திறப்பு விழா முடிந்ததும்’னு இருந்தா கையெழுத்தே போடாதீங்க. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991-லேயே தயார், திறந்தது 2009 ஆகஸ்ட் 9. ‘பீடத்தில் நிறுத்தி போல்ட் முடுக்கிய 15 நாளில்’னு எழுதுங்க.

மணிமேகலை: சரியான பேச்சு, கதிர். பீடம் தயாராகாம சிலை பட்டறையிலேயே கிடந்தா அதுக்கு மாத வாடகைன்னு ஒரு வரி சேர்க்கணும். மொத்த ஒப்பந்தம் மட்டும் எனக்கு இன்னும் சம்மதமில்லை.